சம்பந்தி முன்னால் ஓர் உதை

தன் மகன் மருமகளிடம் உதை வாங்கி விழுவதை மாமனார் முதன்முதலில் பார்த்தது சம்பந்தியின் கைபேசியில்தான்.

மகளைக் கொடுத்த வீட்டில், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருந்த நேரம். "உங்க வீட்டுச் சண்டை எங்க போன் வரைக்கும் வந்துடுச்சே சம்பந்தி" என்று சொல்லிக்கொண்டே அவர் கைபேசியை நீட்டினார். சின்னத் திரையில், வெள்ளைச் சீருடை அணிந்த மகன் ஈட்டியோடு பாய்கிறான். வெறுங்கையோடு நிற்கும் மருமகள் சட்டென்று விலகி, ஈட்டிக் கம்பை அக்குளில் இறுக்கிக்கொண்டு, அவன் மார்பில் ஓர் உதை விடுகிறாள். மகன் காற்றில் பறந்து போய் மல்லாக்க விழுகிறான். கூட்டம் கை தட்டுகிறது. பார்த்தது போதாதென்று சம்பந்தி அதைத் திரும்ப ஓடவிட்டார். மகன் திரும்பவும் விழுந்தான்.

மாமனாரின் வலது கால் தரையை அழுத்தியது. வாழ்நாள் முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர் அவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்கள் தடுமாறும்போதெல்லாம் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தே பழகிய கால் அது. பள்ளியை மூடின பிறகும் மனசு பதறினால் போதும், இல்லாத பிரேக்கைத் தேடிக் கால் தானாகப் போகும்.

இதெல்லாம் மருமகளுக்கு மாமியார் சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது மாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கார்ல வரும்போது ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினவுடனே, 'உன் பையன் மானத்தை வாங்கிட்டான்'னாரு. நல்ல காரியம் பண்ணா அவர் பையன், விழுந்தா என் பையன்" என்றாள்.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் அவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அந்த வீடியோ தேர்வுப் போட்டியில் எடுத்தது. அதில் ஜெயித்ததால், சீனத் தற்காப்புக் கலைக்கான சர்வதேசப் போட்டிக்கு அவர்கள் இருவரும் தேர்வாகியிருந்தார்கள். அந்தப் போட்டியோ இந்த முறை இவர்கள் ஊரிலேயே நடக்கப்போகிறது. சம்பந்தி குடும்பத்தோடு வருவதாக அப்போதே சொல்லிவிட்டார்.

அவர்கள் ஆடுவது நிஜச் சண்டை இல்லை. இருவர் சேர்ந்து ஆடும் ஜோடிச் சண்டை. ஒவ்வொரு வீச்சும் ஒவ்வொரு விலகலும் முன்கூட்டியே பேசி வைத்துப் பழகியது. நிஜம் போலத் தெரிய வேண்டும், யாருக்கும் காயம் படக்கூடாது, அவ்வளவுதான். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அவன் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் முதலில் பார்த்துக்கொண்டதே குங்ஃபூ வகுப்பில்தான். அவளுடைய உதை கொஞ்சம் பலமானது என்று பெயர் வாங்கியிருந்ததால் யாரும் அவளோடு ஜோடி சேர வரவில்லை. கடைசியில் ஒருத்தன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். வகுப்பில் அவனுக்குப் பஞ்சு என்று பட்டப்பெயர். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் எலும்பே இல்லாதவன் மாதிரி தரையில் பரவி, அடுத்த நொடி எழுந்து நிற்பான். அன்றைக்கு அவள் உதைத்ததில் அவன் பறந்து போய் விழுந்து, படுத்தபடியே, "இவ்வளவுதானா?" என்று கேட்டான். அவன் விழுந்த விதத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு அவனைப் பிடித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் அது மாறவில்லை.

கடைசி உதையில் ஒரு சூட்சுமம் இருந்தது. அவள் உள்ளங்கால் அவன் மார்பில் பட வேண்டும். பட்டதும்தான் அவன் கிளம்ப வேண்டும். அந்தத் தொடுதல்தான் அவனுக்குச் சைகை. மற்றபடி பறப்பதும், திரும்புவதும், தரையில் உள்ளங்கையை ஓங்கி அடித்துச் சத்தம் எழுப்புவதும் எல்லாம் அவன் வேலை. பயிற்சி முடிந்து வரும்போது அவன் வெள்ளைச் சட்டையில் ஒரு காலடி அழுக்காகப் பதிந்திருக்கும். துவைக்கும்போது மாமியார், "ஏம்மா, அடுத்த தடவை காலைக் கழுவிட்டாவது உதையேன்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் கீழ்த் தளத்திலிருந்து மேலே வந்தார். அவரும் மாமியாரும் கீழே, இவர்கள் மேலே என்றுதான் குடித்தனம். வந்தவர் சோபாவில் உட்காரவில்லை. பயிற்சிக்காக அதைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். நின்றபடியே, ரொம்ப நியாயமான விஷயத்தைப் பேசுகிற குரலில் சொன்னார்.

"முழுசா மாத்தச் சொல்லலை. நடுவில நீ எவ்வளவு வேணா அடிச்சுக்கோம்மா. கடைசியில மட்டும் அவன் ஜெயிக்கட்டும். நீ விழு. என்ன குறைஞ்சிடும்?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஈட்டி முனையில் கட்டியிருந்த சிவப்புக் குஞ்சத்தைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தான். குனிந்த தலை நிமிரவில்லை.

"முடியாது மாமா" என்றாள்.

ஏன் முடியாது என்றும் பொறுமையாகத்தான் சொன்னாள். ஈட்டி வைத்திருக்கிறவன் வெறுங்கையோடு நிற்கிறவளை ஜெயித்தால் அதில் பார்க்க என்ன இருக்கிறது? அவளுக்கு அவனைப் போல விழவும் தெரியாது. விழுவது லேசான வித்தை இல்லை. மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விழக் கற்றுக்கொண்டால் என்ன என்றார்.

"கத்துக்கலாம் மாமா. ஆனா சம்பந்தி சிரிப்பாருன்னு கத்துக்க மாட்டேன்."

மாமனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பொண்டாட்டி கையால் அடி வாங்கி மெடல் ஜெயிக்கிற கூத்தை எங்கும் கண்டதில்லை என்று மகனைப் பார்த்துச் சொன்னார். கையால் இல்லை, காலால் என்று படிக்கட்டிலிருந்து மாமியார் திருத்தினாள். அவர் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

அவர் கோபம் அவளை உறுத்தவில்லை. உறுத்தியது இவனுடைய மௌனம். அன்று பாத்திரம் கழுவும்போது, பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவன், "ஒரு நாள்தானே. அப்பாவுக்காக வேணா..." என்று இழுத்தான்.

"உங்களுக்கு என்கிட்ட விழ வெக்கமா இருக்கா?"

அவன் ஒரு தட்டையே நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. சோர்ந்து போய் வீட்டுக்கு வந்த எத்தனையோ நாட்களில், தன்னை நம்பி, கண்ணை மூடிக்கொண்டு பின்னால் பறந்து விழுந்தவன் இவன். இப்போது இவனுக்கே வெட்கம் என்றால், இத்தனை வருஷம் தான் உதைத்தது யாரை என்று அவளுக்குத் தோன்றியது. மெடல் கிடக்கட்டும். அதற்கான பதில் தெரியாமல் அவளால் போட்டிக் கம்பளத்தில் ஏற முடியாது. ஆனால் மேற்கொண்டு கேட்கவும் மனம் வரவில்லை. ஆட்டத்தில் ஓர் அசைவைக்கூட மாற்றவில்லை, அவ்வளவுதான். மாற்றச் சொல்ல அவனுக்கும் தைரியமில்லை.

போட்டி நடந்த உள்ளரங்கம் ஒரு விமானக் கொட்டகை மாதிரி இருந்தது. நடுவில் பச்சைக் கம்பளம். அதைச் சுற்றி வெள்ளைக் கோடு. மூலைக்கு மூலை நடுவர்கள். எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்தவர்கள் ஓரங்களில் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். வாளும் கம்பும் சுமந்தவர்கள் காபிக்கு வரிசையில் நின்றார்கள். காலைச் சுற்றில் எல்லா ஜோடிகளும் ஆட வேண்டும். முன்னிலை பெறும் எட்டு ஜோடிகள் மாலையில் மறுபடி ஆட வேண்டும். மாலை மதிப்பெண்தான் முடிவு.

பார்வையாளர் பகுதியில் மூன்றாவது வரிசையை அவர்கள் குடும்பமே பிடித்திருந்தது. மாமியார் குளிருக்கு ஸ்வெட்டரும் பிஸ்கட் டப்பாவுமாக வந்திருந்தாள். மாமனார் கல்யாணத்துக்குப் போகிற சட்டையில், கல்யாணத்துக்குப் போகாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சம்பந்தி, கைபேசியைத் தயாராக உயர்த்திப் பிடித்தபடி.

அவர்கள் பெயர்களை அழைத்தார்கள். இருவரும் கம்பளத்துக்கு வந்து தலைமை நடுவரை வணங்கினார்கள். வலது முஷ்டியை இடது உள்ளங்கை மூடும் வணக்கம் அது.

ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. ஈட்டி அவள் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் குனிந்தாள், தாவினாள், கம்பின் மேல் உருண்டாள். கூட்டம் ஓ என்றது. கடைசிக் கட்டத்தில் ஈட்டி கழுத்துக்கு வந்தது; விலகினாள்; கம்பை அக்குளில் இறுக்கினாள்; காலைத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து அவன் கண் மூன்றாவது வரிசைக்குப் போய் வந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். அடிக்கவா வேண்டாமா என்று மனம் ஒரு கணம் நின்றது. மனத்தோடு காலும் தயங்கியது. அவனோ எப்படியாவது இது முடிந்தால் போதும் என்ற அவசரத்தில் இருந்தான். கால் வந்து சேர்வதற்கு முன்னால் பறந்துவிட்டான். அவள் பாதம் காற்றில் நிற்க, தொடாத உதைக்கு அவன் மல்லாக்க விழுந்து கிடந்தான்.

அரங்கம் சிரித்தது. எல்லாச் சிரிப்புக்கும் மேலாகச் சம்பந்தியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. மாமனாரின் கால் முன் இருக்கையை உதைத்ததில் அங்கே இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மதிப்பெண் பலகையில் அவர்கள் எட்டாவதாகத் தொற்றிக்கொண்டிருந்தார்கள்.

உடை மாற்றும் அறைகளுக்கு வெளியே நீளமான நடைபாதை. சுவரோரம் மடித்து வைத்த நாற்காலிகள். அவன் தரையில் உட்கார்ந்து மணிக்கட்டில் சுற்றியிருந்த கைக்கட்டுத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். மாமனார் வேகமாக வந்தார். பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு மாமியார்.

"அடியே படலை, விழுந்துட்டான். அந்த ஆள் அதையும் வீடியோ எடுத்துட்டான். போதும்ப்பா. கிளம்புங்க, வீட்டுக்குப் போலாம்."

அவள் சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"அவர் விழுந்ததுக்கு யாரும் சிரிக்கலை மாமா. நான் அடிக்காம விட்டதுக்குச் சிரிச்சாங்க. உங்களை நினைச்சு என் கால் நின்னுடுச்சு. அது என் தப்பு. சாயங்காலம் நிக்காது."

"என்னம்மா, என்னையே மிரட்டறியா?"

"இல்ல மாமா. முன்கூட்டியே சொல்லிடறேன். சாயங்காலம் உங்க பையன் மார்ல முழுசா உதைப்பேன். சம்பந்தி பக்கத்துல உட்கார்ந்து பாருங்க, இல்ல வெளியில போய் காபி குடிங்க. உங்க இஷ்டம். ஆனா அவர் விழ மாட்டேன்னு சொன்னா, அவர் வாயால சொல்லட்டும். இப்பவே பையை எடுத்துட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். இந்த முறை விடுவதாக இல்லை. மாமியார் பாட்டிலின் மூடியைத் திறக்கவும் மறந்து நின்றாள்.

அவன் கைக்கட்டை மெதுவாகச் சுருட்டிப் பையில் போட்டான். எழுந்து நின்றான்.

"அப்பா, அத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினீங்களே, நீங்க எந்த சீட்ல உட்கார்ந்தீங்க?"

மாமனார் புரியாமல் முழித்தார்.

"பக்கத்து சீட்டுலதானே. ஸ்டீயரிங் யார் யார் கையிலயோ இருந்தது. பொம்பளைங்க ஓட்டினாங்க, காலேஜ் பசங்க ஓட்டினாங்க. ஊர் முழுக்க உங்களை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. யாராவது சிரிச்சாங்களா?"

"அது வேற. பிரேக் என் கால்ல இருந்துச்சு."

"இங்கயும் அப்படித்தான். அவ உதைக்கறது கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். பறக்கறது நான். எங்க விழணும், எப்படி விழணும், எல்லாம் என் வேலை. எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான்ப்பா. அதைப் போய் வெக்கம்னு சொன்னீங்க. நானும் வாயை மூடிட்டு இருந்தேன். அதுதான் எனக்கு வெக்கம்."

மாமியார் பாட்டிலைத் திறந்து, மகனிடம் கொடுக்காமல், கணவரிடம் நீட்டினாள்.

அவர்கள் போன பிறகு அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"எனக்கு வெக்கம் இல்ல."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம். அந்தத் தட்டு தேஞ்சிருக்காது."

அவன் சிரித்தான். பிறகு ஈட்டியை எடுத்துக்கொண்டே, "காலை எறக்கி வைக்காத. முழுசா வா" என்றான்.

மாலையில் அரங்கம் நிறைந்துவிட்டது. எட்டாவதாக வந்தவர்கள் என்பதால் அவர்களைத்தான் முதலில் அழைத்தார்கள். அவள் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. இருவரும் வணக்கம் வைத்தார்கள்.

காலையில் அளந்து ஆடிய ஆட்டம் இப்போது தன்னால் ஓடியது. ஈட்டி முனை தன் முடியை உரசிப் போவதை அவள் உணர்ந்தாள். உரசட்டும் என்று விட்டாள். சிவப்புக் குஞ்சம் கண் முன்னால் பூவாக விரிந்து மூடியது. அவன் பாய்ந்தான். அவள் இல்லை. திரும்பிக் குத்தினான். அங்கேயும் இல்லை. கடைசியாக ஈட்டி கழுத்துக்கு வந்தபோது அவன் கண்கள் நேராக அவளைப் பார்த்தன. வேறெங்கும் போகவில்லை. அவள் கம்பை அக்குளில் வாங்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து திரண்ட பலத்தையெல்லாம் காலுக்கு அனுப்பினாள்.

உள்ளங்கால் அவன் மார்பில் பட்டது.

அவன் பறந்தான். அப்படி ஒரு பறத்தலை வகுப்பில்கூட யாரும் பார்த்ததில்லை. முதுகு வில்லாக வளைந்து, கால்கள் தலைக்கு மேல் போய், கம்பளத்தின் ஓரத்தில் போய் விழுந்தான். உள்ளங்கை தரையில் அறைந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அரங்கமே எழுந்து நின்றது. அவள் ஈட்டியை நட்டு நிமிர்ந்து நிற்க, அவன் கிடந்தபடியே அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினான். இவ்வளவுதானா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அடுத்தடுத்து எல்லா ஜோடிகளும் ஆடி முடித்தபோது அவர்கள் பெயர் பலகையில் இரண்டாவதாக நின்றது. மாமியார் டப்பாவில் இருந்த பிஸ்கட்டையெல்லாம் முன் வரிசைக்காரர்களுக்கு விநியோகித்துவிட்டாள். அப்போது மூலையில் இருந்த ஒரு நடுவர் எழுந்து தலைமை நடுவரிடம் போனார். ஏதோ குனிந்து பேசினார்கள். வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தார்கள். விழுந்தபோது ஈட்டிக்காரரின் கை வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தரையைத் தொட்டிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதற்குக் கழிக்க வேண்டிய மதிப்பெண்ணைக் கழித்தார்கள். பலகையில் பெயர்கள் இடம் மாறின. இரண்டு வாள்காரர்கள் தங்கம். அக்கா தங்கை ஜோடி வெள்ளி. கம்பு சுழற்றியவர்கள் வெண்கலம். இவர்கள் நான்காவது.

அவள் பலகையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், இவ்வளவு தூரமா போனோம் என்கிற மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். மெடல் போன இருவர் கம்பள ஓரத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரிப்பதை, கழித்த நடுவரே ஆச்சரியமாகப் பார்த்தார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். மாமனார் மூன்றாவது வரிசையிலிருந்து இறங்கி, தடுப்பைத் தாண்டி, நேரே நடுவர் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே ஒரு தொண்டர் ஓடினார். தலைமை நடுவருக்குத் தமிழ் தெரியாது. அது மாமனாருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவர் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னது அவள் நின்ற இடம் வரை கேட்டது.

"கம்பளத்தை இத்தனூண்டு விரிச்சு வச்சது யாரு தப்பு? அவன் பறப்பான்னு உங்களுக்குத் தெரிய வேணாமா? இங்க எவனாவது அப்படி விழுந்தானா? ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம். அந்தக் கம்புக்காரன் விழுந்ததெல்லாம் ஒரு விழுகையா? மூட்டையை எறக்கி வச்ச மாதிரி."

தலைமை நடுவர் பணிவாக எழுந்து, வலது முஷ்டியை இடது கையால் மூடி வணக்கம் வைத்தார். மாமனாருக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரும் அப்படியே ஒன்று வைத்துவிட்டுத் திரும்பினார்.

நடைபாதையில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சம்பந்தி கைபேசியை உயர்த்தினார். "நாலாவதா சம்பந்தி? பரவால்ல, ஆறுதலுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். அந்த ஆறுதலில் இருந்த ஊசி யாருக்கும் தெரியாமல் இல்லை.

அப்போதுதான் மாமியார் கவனித்தாள். மகனின் வெள்ளைச் சட்டையில், நட்ட நடு மார்பில், ஐந்து விரலும் தெரிய ஒரு காலடி. பழக்கதோஷத்தில் முந்தானையை எடுத்துத் தட்டப் போனாள். அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும்மா."

அவன் மனைவியைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவளும் நிமிர்ந்து நின்றாள். சம்பந்தி கொஞ்சம் தயங்கி, அந்த அழுக்கு தெரியாமல் முகத்தை மட்டும் எடுக்கட்டுமா என்று மாமனாரைக் கேட்டார்.

மாமனார் மகனின் சட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முழுசா எடுங்க சம்பந்தி" என்றார். "கால் நல்லாத் தெரியணும்."

வீடு திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள். பின் சீட்டில் மாமியார் தூங்கிவிட்டாள். அவனும் அம்மாவின் தோளில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தான். முன்னால், பக்கத்து சீட்டில் மாமனார். ஒவ்வொரு சிக்னலிலும் அவர் வலது கால் தரையை அழுத்தியது. வழக்கமாக அவளுக்கு எரிச்சல் வரும். இன்றைக்கு வரவில்லை.

பாலம் ஏறும்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, அடுத்த தடவை ரெண்டடி முன்னாடி நின்னு உதைச்சா கோட்டுக்குள்ளயே விழுவான்."

அவள் கியரை மாற்றினாள்.

"அதை நாங்க பாத்துக்கறோம் மாமா. நீங்க பிரேக்ல இருந்து காலை எடுங்க."

பின் சீட்டிலிருந்து அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கால் மட்டும் மெல்லப் பின்வாங்கியது.